பூட்டிய திரையும் தானாக ஓடும் சிடியும்

கணினியில் பாட்டு ஓடும்போது விண்டோஸ் கீயையும் எல் கீயையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். திரை பூட்டிக்கொள்ளும். பாட்டு நிற்காது. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் பூட்டு தடுக்கிறது. உள்ளே ஓடும் மென்பொருள்களை அது தொடுவதே இல்லை. பாட்டுக்கு இது வசதி. பாதுகாப்புக்கு?

1995-ல் வந்த விண்டோஸ் 95-ல் ஆட்டோரன் என்ற வசதி இருந்தது. சிடியைப் போட்டவுடன் கணினி அதிலுள்ள ஆட்டோரன்.இன்ஃப் என்ற சிறு கோப்பைப் படித்து, அது சொல்லும் நிரலைத் தானே இயக்கிவிடும். அந்த நாளில் திரைக்குப் பூட்டு என்றால் ஸ்கிரீன் சேவருக்கு வைக்கும் பாஸ்வேர்டுதான். அது திரையை மறைத்ததே தவிர ஆட்டோரனை நிறுத்தவில்லை. விளைவு, இதற்கென்றே தயாரித்த சிடியைப் பூட்டிய கணினியில் போட்டால் போதும்! அந்த நிரல் ஓடி, பலவீனமாக மறைத்து வைத்திருந்த பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, பூட்டைத் திறந்துவிடும். வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேலேயே வைத்த கதைதான்.

விண்டோஸ் என்.டி. இதில் புத்திசாலி. அதில் பூட்டுத் திரை தனி இடத்தில் இயங்கும். பூட்டியிருக்கும்போது புது சிடி தானாக ஓடாது. 2001-ல் வந்த எக்ஸ்பி மூலம் இந்த முறை வீட்டுக் கணினிகளுக்கும் வந்தது.

ஆனால் பூட்டாத கணினி? சேந்தமங்கலம், ராசிபுரம் மாதிரி ஊர்களின் பிரவுசிங் சென்டர்களில் ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். திரையை யார் பூட்டப் போகிறார்கள்? 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர், அடுத்த மாதமே பென் டிரைவ் வழியாகவும் பரவத் தொடங்கியது. பென் டிரைவைச் செருகியதும் வரும் பெட்டியில், 'கோப்புகளைப் பார்க்க' என்பது போலவே ஒரு வரியைப் போட்டு ஆளை ஏமாற்றியது. 2009-ல் வந்த விண்டோஸ் 7, பென் டிரைவுக்கு ஆட்டோரனை நிறுத்தியது. எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அந்தத் திருத்தம் 2011 பிப்ரவரியில்தான் எல்லோருக்கும் தானாகப் போய்ச் சேர்ந்தது. ரொம்பத் தாமதம்!

லினக்ஸ் என்றால் பயமில்லை என்பவர்களுக்கும் அதே ஆண்டு பதில் கிடைத்தது. அமெரிக்காவில் நடந்த ஷ்மூகான் மாநாட்டில் ஜான் லாரிமர் என்பவர், பூட்டிய உபுண்டு 10.10 கணினியில் பென் டிரைவைச் செருகினார். பூட்டுக்குப் பின்னால் க்னோம் அதைத் திறந்து, கோப்புகளுக்குச் சின்னப் படங்கள் வரைய ஆரம்பித்தது. அப்படி வரையும் நிரலில் இருந்த ஓட்டை வழியாக அவருடைய நிரல் ஓடி, ஸ்கிரீன் சேவரையே நிறுத்தியது. சில பாதுகாப்புகளை முன்கூட்டியே அணைத்து வைத்துத்தான் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் ஆட்டோரன் கோப்பு இல்லாமலே பூட்டு திறந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 15-ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்தக் கணினிகளில் விண்டோஸ் 7-உடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி.

2016-ல் ராப் ஃபுல்லர் வேறு வழியைக் காட்டினார். யுஎஸ்பியில் செருகிய சின்னக் கருவி தன்னை நெட்வொர்க் கார்டு என்று சொல்லிக்கொண்டது. பூட்டிய கணினி அதை நம்பி, பயனரின் பெயரையும் பாஸ்வேர்டின் ஹாஷையும் சில நொடிகளில் அனுப்பிவிட்டது.