பறந்ததே சான்றாகுமா?

1953-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் மாலை, கல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து டில்லிக்குப் புறப்பட்ட காமெட் என்னும் ஜெட் விமானம், கிளம்பிய சில நிமிடங்களிலேயே இவ்வூரார் கால்பைசாகி என வழங்கும் கோடைச் சூறைக்காற்றில் சிக்கி, வானிலேயே உடைந்து ஹூக்ளி மாவட்டத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். உலகில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற ஜெட் விமானம் காமெட்தான். அது அச்சேவையைத் தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு நிறைந்திருந்தது. நாம் பிழைக்க வந்து குடியேறியிருக்கும் வங்க மண்ணில் நேர்ந்த அவ்விபத்தை இன்று நினைப்பவர் சிலரே. ஆயினும் நாம் சொல்ல வந்த வரலாற்றுக்கு அதுவே தோற்றுவாய். அரை நூற்றாண்டுக்குப் பின் ஆப்கானிஸ்தானத்து வானில் 14 பேருடன் எரிந்து வீழ்ந்த பிரிட்டிஷ் வேவு விமானம், இக்காமெட்டின் வழித்தோன்றலே ஆகும்.

கல்கத்தா விபத்துக்குக் காற்றின் கடுமையே காரணமென்று முடிவு செய்யப்பட்டது. 1954 ஜனவரியில் இத்தாலிக் கடலில் எல்பாத் தீவினருகே மற்றொரு காமெட் வீழ்ந்தது. பறத்தலை நிறுத்தினர், தீ பிடிக்கலாம், இது கழன்றிருக்கலாம், அது முறிந்திருக்கலாம் என்று பல திருத்தங்கள் செய்து மார்ச்சு மாதத்தில் மீண்டும் பறக்கவிட்டனர். இரண்டே வாரங்களில், ஏப்ரல் 8-ஆம் நாள், நேப்பிள்சுக்குத் தெற்கே இன்னொன்று கடலில் வீழ்ந்தது. அதன் பின்னர்தான் கருத்தூன்றிய சோதனை தொடங்கிற்று. பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய நீர்த்தொட்டியில் இறக்கி, விமானம் ஏறி இறங்கும்போது அதற்கு உண்டாகும் அழுத்தத்தை நீரால் மீண்டும் மீண்டும் கொடுத்துப் பார்த்தனர். மெய்யாகப் பறந்ததும் தொட்டியில் பறந்ததாகக் கணக்கிட்டதும் சேர்ந்து 3,000 தடவைகளைத் தாண்டியபோது, அதன் தகட்டில் ஒரு திறப்பின் மூலையருகே வெடிப்புக் கண்டு உடல் கிழிந்தது. உலோகமும் களைத்துப் போகும் என்பதை உலகம் அங்கே கண்டது. அவ்விமானத்தை நம்பத்தகாதது என்று வைத்துக்கொண்டு, அது உடையும் வரை விடாமல் சோதித்ததே அவர்கள் செய்த காரியம். இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

திருத்திக் கட்டப்பட்ட காமெட்டின் உடலைக் கொண்டே பிரிட்டிஷ் விமானப்படை ஒரு கடற்காவல் விமானத்தை அமைத்துக்கொண்டது. அதற்கு நிம்ராட் என்று பெயர். விவிலியத்தில் வரும் வேட்டைக்காரன் ஒருவனது பெயர் அது. வட அட்லாண்டிக் கடலில் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதே அதன் வேலை. படைக்கு வந்த முதல் நிம்ராட், எக்ஸ்.வி.230 என்னும் எண் பூண்டது. 1969 அக்டோபரில் சேவையில் சேர்ந்தது. நம் கதைக்கு உரியதும் அதுவே.

நான்கு எஞ்சின்களும் இறக்கையின் அடிப்பகுதிக்குள்ளேயே அமைந்திருந்தன. காவல் பறத்தலில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக இரண்டு எஞ்சின்களை நிறுத்திவிடுவர். வேண்டும்போது அவற்றை மீண்டும் இயக்க, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் வெப்பக் காற்றை ஒரு குறுக்குக் குழாய் வழியே அனுப்புவர். ஏறக்குறைய 400 பாகை செண்டிகிரேடு வரை சூடேறும் குழாய் அது. எரிபொருள் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் அருகே, 7-ஆம் எண் தொட்டியை ஒட்டிய அறையொன்றின் ஊடே அது சென்றது. அவ்வறையில் நெருப்பை அறிவிக்கும் கருவியும் இல்லை. அணைக்கும் கருவியும் இல்லை. குழாயின் மேற்போர்வையும் முழுமையாக இல்லை; இடையிடையே வெற்றிடம் இருந்தது.

1979-ஐ ஒட்டி விமானத்தில் மின்னணுக் கருவிகள் பெருகின. அவற்றைக் குளிர்விக்கக் கூடுதல் சாதனம் ஒன்று வேண்டியிருந்தது. அதற்கான காற்றையும் இக்குறுக்குக் குழாயிலிருந்தே எடுத்தனர். ஆகவே எப்போதோ சிறிது நேரம் சூடேறி வந்த குழாய், பறக்கும் நேரமெல்லாம் கொதிக்கலாயிற்று. 1982-இல் பாக்லாந்துப் போர் மூண்டது. மிகத் தொலைவு பறக்க வேண்டியிருந்தமையால், வானிலேயே மற்றொரு விமானத்திலிருந்து எரிபொருள் பெறும் வசதியை அவசர அவசரமாக அமைத்தனர். 1989-இல் அது நிலையான அமைப்பாயிற்று. வானில் எரிபொருள் ஏற்றும்போது தொட்டி நிரம்பி வழிந்தால், வழிந்தது உடலின் பக்கவாட்டில் பின்னோக்கி ஓடும். தனித்தனியே பார்த்தால் மூன்றும் தேவைக்காக நேர்ந்த மாற்றங்கள். மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. எரிபொருள் இணைப்புகளின் முத்திரைகளும் பழையனவாகிவிட்டன. ஒழுகினால் மாற்றுவது, ஒழுகாதவரை விட்டுவிடுவது என்பதே பராமரிப்பு முறையாக இருந்தது.

2001-ஆம் ஆண்டுக்கும் 2005-ஆம் ஆண்டுக்கும் இடையே, நிம்ராட்டின் ஆபத்துகள் அனைத்தையும் ஆராய்ந்து ‘பாதுகாப்பு ஆவணம்’ ஒன்று எழுதப்பட்டது. அமைப்பின் பொறுப்பாளரான பி.ஏ.ஈ. சிஸ்டம்ஸ் நிறுவனம் எழுதிற்று. கினெட்டிக் என்னும் நிறுவனம் சுயேச்சையான ஆலோசகராக இருந்தது. விமானப்படையின் நிம்ராட் குழு ஏற்றுக்கொண்டது. மறைந்திருந்த கேட்டைக் கண்டுபிடிக்கக் கிடைத்த தலையான வாய்ப்பு அது. ஆனால் முப்பது ஆண்டுகள் பறந்த விமானம் பாதுகாப்பானதே என்ற எண்ணத்தோடுதான் அவ்வேலை தொடங்கிற்று என்று பிற்காலத்து அறிக்கை கூறுகிறது. பட்டியலிட்ட ஆபத்துகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் முடிவுறாதவையாகவும், 30 விழுக்காட்டுக்கு மேல் வகைப்படுத்தப்படாதவையாகவும் கிடக்க, வேலை முடிந்ததென்று கையளிக்கப்பட்டது. அந்த 7-ஆம் எண் தொட்டியறையின் ஆபத்தும் பட்டியலில் ஏறத்தான் ஏறியது; அதன் கடுமைதான் உணரப்படவில்லை. ரிஜிஸ்டரில் பாக்கி என்று எழுதிய இனம், பக்கத்தைப் புரட்டுவதால் தீர்ந்துவிடாது. காகிதத்தோடு காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு இது சொல்லாமலே விளங்கும்.

அறிகுறியே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2004 நவம்பரில் எக்ஸ்.வி.227 என்னும் நிம்ராட்டில் வெப்பக் காற்றுக் குழாய் ஒன்று வானிலேயே வெடித்தது. அவ்விமானம் நலமாகத் தரையிறங்கிற்று. நலமாக இறங்கியதாலேயே அதன் முழுப்பொருளும் உணரப்படாது போயிற்று என்பது நம் கருத்து.

பனிப்போர் முடிந்தபின் நிம்ராட்டுக்குப் புதுவேலை கிடைத்திருந்தது. கடலில் நீர்மூழ்கியைத் தேடிய விமானம், ஆப்கானிஸ்தானத்தின் மலைகளுக்கு மேலே நின்று, ஒளிப்படக் கருவியால் தரைப்படைக்குச் செய்தி தந்துகொண்டிருந்தது. 2006 செப்டம்பர் 2-ஆம் நாள் எக்ஸ்.வி.230 அவ்வேலைக்குச் சென்றது. வானில் டிரைஸ்டார் விமானத்திலிருந்து எரிபொருள் பெற்றுக்கொண்டது. கிரீன்விச் நேரப்படி 11 மணி 11 நிமிடத்துக்குக் குண்டறையில் நெருப்பு என்னும் எச்சரிக்கை தோன்றிற்று, புகையும் வரலாயிற்று. குழுவினர் அபாய அறிவிப்பு விடுத்து, காந்தகார் விமான தளம் நோக்கித் திருப்பி, வேகமாக உயரத்தைக் குறைத்தனர். செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் அவர்கள் குறைவறச் செய்தனர் என்றும், அவர்களால் அந்நெருப்பை எவ்வகையிலும் அடைந்திருக்க முடியாது என்றும் விசாரணை கண்டது. ஏறக்குறைய ஆறு நிமிடங்கள். தொடர்ந்து வந்து கவனித்த ஹாரியர் விமானி, சுமார் 3,000 அடி உயரத்தில் நிம்ராட் வெடித்ததைக் கண்டார். விமானப்படையினர் 12 பேர், தரைப்படை வீரர் ஒருவர், கடற்படையின் மரீன் வீரர் ஒருவர், பதினால்வரும் இறந்தனர்.

எரிபொருள் தொட்டியிலிருந்து வழிந்தோ இணைப்பில் ஒழுகியோ, அவ்வறையின் வெப்பக் குழாய்மீது பட்டுத் தீப்பற்றியது என்று கண்டனர். 2007 டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சர் டெஸ் பிரவுன் மன்னிப்புக் கேட்டார். அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் எக்ஸ்.வி.235 வானில் எரிபொருள் பெறுகையில் ஒழுகல் கண்டு காந்தகாரில் அவசரமாக இறங்கியிருந்தது. 2008 மே மாதத்தில், இறப்புகளை விசாரித்த அதிகாரி ஆண்ட்ரு வாக்கர், இவ்விமானம் சேவைக்கு வந்த நாள் முதல் ஒருநாளும் பறக்கத் தகுதியுடையதாய் இருந்ததில்லை என்றே தீர்ப்பளித்து, எல்லா நிம்ராட்களையும் நிறுத்தச் சொன்னார். அரசு இணங்கவில்லை.

வழக்கறிஞர் சார்லஸ் ஹாடன்-கேவ் ஆராய்ந்து 2009 அக்டோபர் 28-ஆம் நாள் வெளியிட்ட அறிக்கை, நிறுவனங்களையும் பொறுப்பிலிருந்தோரையும் பெயர் சொல்லியே கண்டித்தது. செலவுக் குறைப்பையும் அது விடவில்லை. 2000-க்கும் 2005-க்கும் இடையே 20 விழுக்காடு செலவைக் குறைப்பதென்று ஏற்ற இலக்கு, பறக்கும் தகுதி பற்றிய கவனத்தைக் குலைத்தது என்றது. ‘பாதுகாப்பு ஆவணம்’ என்ற பெயரே மயக்கந் தருவதாகலின், ‘ஆபத்து ஆவணம்’ என்று பெயர் சூட்டலாம் என்றும் யோசனை கூறிற்று. பெயர் மாற்றம் சிறிது போலத் தோன்றும். பார்ன்பரோ நீர்த்தொட்டியை நினைத்துக்கொண்டால் சிறிதன்று என்பது புலனாகும்.

2010-இல் பிரிட்டனில் இராணுவ விமானங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனியாணையம் அமைந்தது. அவ்வாண்டு மார்ச்சிலேயே கடற்காவல் நிம்ராட்கள் ஓய்வு பெற்றன. அவற்றின் இடத்துக்கு வரவேண்டிய புதிய நிம்ராட் திட்டம் ஆண்டுக்கணக்கில் தாமதித்து, அக்டோபரில் கைவிடப்பட்டது. கட்டி முடித்தவற்றையும் முடியாதவற்றையும் வெட்டிப் பழைய இரும்பாக்கினர். கடற்காவல் விமானமே இன்றிப் பல்லாண்டுகள் கழிந்தபின், 2020 பிப்ரவரியில் பொசைடன் என்னும் அமெரிக்க விமானம், முன்பு நிம்ராட்களின் தளமாயிருந்த ஸ்காத்லாந்து கின்லாஸில் வந்து இறங்கிற்று. அவ்வினத்தைச் சேர்ந்த விமானங்களை நம் கடற்படை அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 2013 முதல், அரக்கோணம் ராஜாளி தளத்தில் வைத்துப் பறக்கவிட்டு வருகிறது.