குறையுள்ள தாயகமும் குன்றாத அருளும்

நாட்டுப்பற்று கிறித்தவ நற்பண்புகளுள் ஒன்றா என்னும் வினாவிற்குத் திருச்சபையின் மரபு தெளிவான விடை தந்துள்ளது. பெற்றோரை மதிக்கப் பணிக்கும் நான்காம் கட்டளையோடு சேர்த்தே நாட்டிற்குரிய கடமையையும் அது போதிக்கிறது. இறைவனுக்கு அடுத்தபடியாக நாம் கடன்பட்டிருப்பது பெற்றோருக்கும் தாய்நாட்டிற்கும் என்று கற்பித்தார் புனித தோமா அக்குவினாஸ். பெற்றோர் குறையற்றவர் என்பதற்காகவா நாம் அவர்களை நேசிக்கிறோம்? அன்று, வாழ்வை அவர்களிடமிருந்து பெற்றோம் என்பதற்காகவே. அவ்வாறாயின், நமக்கு அநீதி இழைத்த நாட்டையும் நேசித்தல் கூடுமோ? இவ்வினாவை நம் வரலாற்றின் முன் வைத்துப் பார்ப்போம்.

1946 டிசம்பர் 9ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை கூடியது. சென்னை இலயோலா கல்லூரியின் முதல்வராயிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா, சென்னை மாகாணத்தின் சார்பில் அதில் உறுப்பினரானார். வங்கத்துக் கிறித்தவரான டாக்டர் எச். சி. முக்கர்ஜி சபையின் துணைத் தலைவராய் விளங்கினார்.

சமயத்தைப் பரப்பும் உரிமை 1948 டிசம்பர் 6 அன்று விவாதத்திற்கு வந்தது. அச்சொல்லை நீக்கவேண்டுமென்று சிலர் வாதிட்டனர். அதைக் காக்க எழுந்தவர்களுள் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். கிறித்தவக் கல்விக்கூடங்களில் பல்லாண்டு பயின்றும் தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்று அவர் சான்று பகர்ந்தார். அவ்வுரிமை நிலைத்தது. பிற சமயத்தாரின் நேர்மையாலும் நம் உரிமை காக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

1949 மே மாதம் மற்றொரு நிகழ்ச்சி. சட்டமன்றங்களில் சமயச் சிறுபான்மையினருக்குத் தனி இடங்கள் ஒதுக்குவதெனச் சபை முன்பு முடிவு செய்திருந்தது. சர்தார் படேலின் தலைமையிலான ஆலோசனைக் குழுவில், அவ்வொதுக்கீடு வேண்டா என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தவர் டாக்டர் முக்கர்ஜியே. சபையும் அதனை ஏற்றது. தனி வேலி தேவையில்லை, சக குடிமக்களின் நல்லெண்ணமே போதும் என்னும் பெருநம்பிக்கை அது. எந்நாடும் பெருமை கொள்ளத்தக்க செயல்.

ஆனால் வரலாறு அத்துடன் நின்றுவிடவில்லை. குடியரசு மலர்ந்த அதே ஆண்டில், 1950 ஆகஸ்டு 10ஆம் நாள், பட்டியல் சாதியினர் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்தது. இந்து சமயம் அல்லாத வேறு சமயத்தைப் பின்பற்றுவோர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது அதன் மூன்றாம் பத்தி. பின்னர் 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்னும் வெளியிலேயே நிற்கின்றனர். சமய வேறுபாட்டை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தும் பயனில்லை.

ஈண்டு ஓர் உண்மையை நாம் நேர்மையோடு நோக்கவேண்டும். 1949இல் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தவர்கள் கற்றவர்கள், சமூகத்தில் மதிப்புடையவர்கள். 1950இல் இழந்தவர்களோ நிலமற்ற கூலிகள், தோல் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள். திருமுழுக்கின் பெயரால் உரிமை மறுக்கப்பட்டவர்கள் அவர்களே. நாட்டை நேசிப்பதன் விலையை நம்முள் மிக எளியவர்களே செலுத்தி வருகிறார்கள்.

அவர்களுள் ஒருவர் சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்தார். ஆதிதிராவிடத் தொழிலாளருக்கு அரசு இலவசமாக வழங்கிய சிறு கடை, அவர் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. நாட்டின் அரசியலமைப்பை நம்பி உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1985இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் விளையும் கொடுமைகளும் கிறித்தவத்தில் அதே கடுமையோடு நீடிக்கின்றன என்பதற்குச் சான்று வேண்டும் என்றது நீதிமன்றம்.

சான்றா இல்லை? நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடிக்கச் செய்த கௌசானல் அடிகளாரின் துணிவு போற்றற்குரியது. ஆயினும் பழைய பிரிவினையை உரிமையாகக் கோரிச் சிலர் உயர் நீதிமன்றம்வரை சென்றனர். நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. ஒரே பந்தியில் அமரவேண்டியவர்கள் என்பதை இறைமக்களுக்கு அரசின் நீதிமன்றம் நினைவூட்டவேண்டியிருந்தது! தனிக் கல்லறைகளும் தனித் தெருக்களும் உள்ள ஊர்களில் இன்றும் நம்முள் எவர் நாட்டை நோக்கி மட்டும் விரல் நீட்ட இயலும்? குறை நாட்டினுடையது மட்டுமன்று.

இங்கேதான் அருளைப் பற்றிய நம் விசுவாசம் பொருள் பெறுகிறது. நாம் தகுதி பெறும்வரை கடவுள் காத்திருக்கவில்லை. பாவிகளாயிருந்தபோதே நமக்காகக் கிறிஸ்து உயிர் ஈந்தார் என்கிறார் பவுலடியார். அருள் மனித இயல்பை அழித்துவிட்டு வேறொன்றை நடுவதில்லை. இருப்பதையே எடுத்து நிறைவுக்கு இட்டுச் செல்கிறது. ஆயினும் அது குறையை நிறை என்று பொய் சொல்வதுமில்லை. எருசலேமைக் கண்டு ஆண்டவர் அழுதார். மறுபொழுதே ஆலயத்திலிருந்து வணிகரை விரட்டினார். அக்கண்ணீரும் அச்சினமும் ஒரே அன்பின் இரு செயல்கள்.

எனவே, 1950ஆம் ஆண்டின் ஆணையை எதிர்த்து மனு எழுதுவதும், ஊர்வலம் போவதும், நீதிமன்றம் ஏறுவதும் நாட்டுப்பற்றுக்கு மாறானவை அல்ல. நாட்டின்மீது நம்பிக்கை இழந்தவன் அதனிடம் நீதி கேட்கமாட்டான். மனு தள்ளுபடியான அந்தத் தொழிலாளியின் நம்பிக்கை, 1949இல் விட்டுக்கொடுத்தவர்களின் நம்பிக்கைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஆனால் அவ்வூர்வலம் எங்கிருந்து புறப்படுகிறது என்பதையும் இறைவன் காண்கிறார். நம் பங்கின் திருவிழாத் தேர் எல்லாத் தெருக்களுக்கும் செல்லட்டும். நம் கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவர் விழட்டும். அதன்பின் நாட்டினிடம் நாம் கேட்கும் நீதிக்கு நம் வாழ்வே சான்றாகும்.