துறைமுகத்தில் நின்ற சட்டைகள்

கூட்டுக் குடும்பத்தில் கல்யாணம் பேசி முடிப்பது எவ்வளவு சிரமம் என்பது நமக்குத் தெரியும். சம்பந்தி வீட்டாரைக்கூடச் சரிக்கட்டிவிடலாம். நம் வீட்டுப் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் ஒரு வழிக்குக் கொண்டுவருவதுதான் பெரும் பாடு. 2005-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு நேர்ந்த சங்கடமும் இத்தகையதே.

வெளிநாட்டு வியாபாரத்தில் ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் தனித்தனியே பேரம் பேசுவதில்லை. 1957-இல் ரோமாபுரியில் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியில், எல்லோருக்காகவும் பிரஸ்ஸல்ஸில் உள்ள கமிஷனே பேசும். வாய் ஒன்றுதான், ஆனால் மனம்? ஜவுளி விஷயத்தில் அது ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை.

வளரும் நாடுகளின் துணிமணிகளுக்கு 1974 முதல் ‘கோட்டா’ என்ற வேலி இருந்தது. நம் திருப்பூர்ப் பனியனும் அதைத் தாண்டித்தான் ஐரோப்பாவுக்குப் போயிற்று. அனுமதித்த சரக்கையும் நாட்டுக்கு இவ்வளவு என்று தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் இறங்கிய சட்டை பிரான்ஸுக்குள் நுழையாமல் தடுக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது! 1993-இல் அந்த உள்வேலி விழுந்தது. 2005 ஜனவரி முதல் தேதியன்று வெளிவேலியும் விழுந்தது.

சீனத்துத் துணி வெள்ளமாய்ப் பாய்ந்தது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளில் ஆலைத் தொழிலாளர்கள் பிழைப்புப் போய்விடுமே என்று கலங்கினார்கள். அந்தச் சர்க்கார்கள் அணை போடச் சொல்லின. ஸ்வீடன், டென்மார்க், ஹாலந்து முதலிய நாடுகளோ, “மலிவாக வருவதை ஏன் மறிக்க வேண்டும்?” என்றன. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கஷ்டமே அதுதான்.

இரண்டு நியாயங்களையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, கமிஷனின் வர்த்தகப் பொறுப்பை வகித்த பீட்டர் மண்டெல்சன் ஷாங்காய்க்குச் சென்றார். ஜூன் 10-ந் தேதி சீன மந்திரி போ ஷிலாயுடன் உடன்பாடு ஏற்பட்டது. பத்து வகைத் துணிமணிகளின் வரவு, 2007 முடியும்வரை, வருஷத்துக்கு 8 முதல் 12.5 சதவீதம்வரைதான் கூடலாம்.

ஆனால், கையெழுத்து ஆனதற்கும் விதி அமுலுக்கு வந்ததற்கும் நடுவே சுமார் ஒரு மாதம் ஓடியது. அதற்குள் கடைக்காரர்கள் அவசரமாய்ச் சரக்கைத் தருவித்தார்கள். ஸ்வெட்டருக்கு விதித்த அளவு பார்த்திருக்கும்போதே தீர்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் 7 கோடிக்கு மேற்பட்ட உருப்படிகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் முடங்கிக் கிடந்தன. பத்திரிகைகள் பெண்களின் உள்ளாடையின் பெயரைச் சூட்டி இந்த ‘யுத்த’த்தைக் கேலி செய்தன. கடைக்காரருக்கோ அது வேடிக்கை அல்ல. குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, சரக்கு கிடங்கில், அலமாரி காலி.

செப்டம்பர் 5-ந் தேதி பீகிங்கில் மறுபடியும் பேசினார்கள். முடங்கிய சரக்கில் பாதியைக் கணக்கில் சேர்க்காமலே உள்ளே விட ஐரோப்பா இசைந்தது. மறுபாதியைச் சீனா தன் கணக்கில் ஏற்றது; அதில் ஒரு பகுதி அடுத்த வருஷத்து அளவில் கழிந்தது. நஷ்டத்தை இரு தரப்பாரும் பகிர்ந்துகொண்டதால் கதவு திறந்தது.

2007 இறுதியில் அந்த அளவுகளும் முடிந்தன. ஆகவே போர்ச்சுகல் நாட்டு ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது வெற்றி அல்ல. இரண்டரை வருஷ அவகாசம். ஸ்வீடன் நாட்டுக் கடைக்காரருக்கும் முழுச் சுதந்திரம் கிடைக்கவில்லை. பாதிச் சரக்குக்குச் சலுகை கிடைத்தது. அன்று அங்கே இருந்த இருபத்தைந்து நாடுகளும் சேர்ந்து சொல்ல முடிந்த வார்த்தை ‘வா’ என்பதல்ல, ‘வராதே’ என்பதும் அல்ல. ‘சற்றுப் பொறு’ என்பதுதான்.