உளியும் தூரிகையும்

உளி பிடித்தவன் தாழ்ந்தவன், தூரிகை பிடித்தவன் உயர்ந்தவன் என்னும் பேதம் நம்மவரிடையே மட்டும் நிலவியதன்று; ஐரோப்பாவிலும் நெடுங்காலம் ஆட்சி புரிந்தது. அப்பேதத்தை ஒரு பள்ளி எதிர்த்து நின்ற சரித்திரத்தை அறிய விரும்புவோர், ஜெர்மனியின் வைமார், தெஸ்ஸௌ, பெர்லின் ஆகிய மூன்று நகரங்களையும் வரிசையாகக் காணல் வேண்டும்.

முதல் உலக யுத்தத்தில் தோல்வியுற்று முடியரசும் வீழ்ந்த சில மாதங்களில், 1919-ம் ஆண்டு ஏப்ரலில், வால்ட்டர் குரோப்பியஸ் என்னும் கட்டிடக் கலைஞர் வைமாரில் 'பௌஹவுஸ்' என்ற பள்ளியைத் தொடங்கினார். கலைஞனுக்கும் தொழிலாளிக்கும் இடையே சுவர் வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. ஆகவே, பட்டறைதோறும் கலைஞர் ஒருவரும் தொழில் தேர்ந்தவர் ஒருவருமாக இருவர் கற்பித்தனர். கான்டின்ஸ்கி, பால் கிளே போன்ற புகழ்பெற்ற ஓவியர்களும் தச்சரோடும் நெசவாளரோடும் ஒரே கூரையின்கீழ்ப் பணியாற்றினர்.

இப்புதுமை பழமைவாதிகளுக்குப் பிடிக்கவில்லை. 1924-ல் ஆட்சி அவர்கள் கைக்கு மாறியதும் மானியம் பாதியாகக் குறைக்கப்பட்டது. பள்ளி தொழில் நகராகிய தெஸ்ஸௌவுக்குக் குடிபெயர்ந்தது. ஆங்கு 1926 டிசம்பரில் திறக்கப்பட்ட கட்டிடத்தின் பட்டறைப் பகுதி, வெளிச்சம் தாராளமாகப் புகுமாறு கண்ணாடிச் சுவர் கொண்டது. மார்சல் பிராயர் என்பார் சைக்கிளின் கைப்பிடியைக் கண்டு, வளைந்த எஃகுக் குழாயால் நாற்காலி செய்தார். ஆயினும் இப்பள்ளியின் பொருள்களிற் பல ஏழைத் தொழிலாளி வாங்கும் விலையில் இருக்கவில்லை.

மற்றொரு குறையையும் நாம் மறைத்தல் தகாது. ஆண் பெண் வேறுபாடில்லை என முழங்கிய பள்ளி, சேர்ந்த பெண்களிற் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அனுப்பியது. அவர்களோ அத்தறியையே தம் வெற்றிக்கு வழியாக்கினர். குன்டா ஷ்டோல்ஸல் 1927-ல் அப்பட்டறையின் தலைமை ஏற்றார். மரியான் பிராண்ட், ஆண்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட உலோகப் பட்டறையுட் புகுந்து, 1928-ல் அதன் பொறுப்பையும் வகித்தார்.

1932-ல் நாஜிகளின் ஆதிக்கத்திலிருந்த தெஸ்ஸௌ நகரசபை பள்ளியை மூடியது. அப்போதைய தலைவர் மீஸ் வான் டெர் ரோ, பெர்லினில் கைவிடப்பட்ட டெலிபோன் தொழிற்சாலை ஒன்றில் அதை நடத்தினார். 1933 ஏப்ரலில் போலீசார் சோதனையிட்டுப் பூட்டினர். ஜூலையில் ஆசிரியர்களே பள்ளியைக் கலைத்தனர்.

கதவு மூடப்பட்டதேயன்றிக் கல்வி மூடப்படவில்லை. குரோப்பியஸும் மீஸும் அமெரிக்கா சென்று கற்பித்தனர். வைமாரில் பயின்ற யூதப் பெண்மணி பிரீடல் டிக்கர், 1942-ல் தெரேசியன்ஷ்டாட் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே பசியும் அச்சமும் சூழ்ந்த குழந்தைகளுக்கு, தாம் கற்ற முறையிலேயே சித்திரம் கற்பித்தார். 1944-ல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட, ஏறத்தாழ 4,500 குழந்தைச் சித்திரங்கள் தப்பிப் பிழைத்தன.

வைமாரிலும் தெஸ்ஸௌவிலும் உள்ள பௌஹவுஸ் கட்டிடங்கள் 1996 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. கல்லும் கண்ணாடியும் காண்போரை வியப்பிக்கலாம். எனினும், அவற்றினும் நிலைபெற்றது கையின் உழைப்பையும் அறிவின் உழைப்பையும் ஒன்றாக மதித்த அந்நோக்கமே. தம் மக்களுக்குக் கல்வி தேடும் பெற்றோர் ஒவ்வொருவரும் இதனைச் சிந்திப்பாராக!