மலையகமும் இந்திய–இலங்கைப் பண்பாட்டுப் பரிமாற்றமும்

மலையகத்தில் இந்திய–இலங்கைப் பண்பாட்டுப் பரிமாற்றம்: நுவரெலியா, அற்றன் முதலிய தேயிலைத் தோட்டப் பகுதிகளை உள்ளடக்கி, இரு நாடுகளுக்கும் இடையே நடைபெறும் கலை, கல்வி, சமூக ஒத்துழைப்பு.

வகைகள்: (1) இசை, நடனம், யோகா, இந்திமொழிப் பயிற்சி, (2) மாணவர் புலமைப்பரிசில், (3) மருத்துவ, வீடமைப்பு உதவி.

வரலாறு: 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து தொழிலாளர் பெருமளவில் குடியேறியதால் மலையகத்துக்கு இந்தியாவுடன் உறவுத்தொடர்பு உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளை 1947இல் நிறுவப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டமையால் குடும்பங்கள் பிரிந்தன. 1977 நவம்பர் 29இல் புதுதில்லியில் கையெழுத்தான பண்பாட்டு ஒத்துழைப்பு உடன்படிக்கை, காலமுறைப் பரிமாற்றத் திட்டங்களுக்கு அடிப்படையானது. கொழும்பில் இந்தியப் பண்பாட்டு மையம் 1998இல் தொடங்கப்பட்டது. பின்னர் சுவாமி விவேகானந்தர் பெயர் பெற்றது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் மத்திய மலைநாட்டுத் தொடர்புகளைக் கவனிக்கிறது. 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, இந்திய உதவியில் அமைந்த டிக்கோயா மருத்துவமனையைத் திறந்துவைத்து, நோர்வூட்டில் உரையாற்றினார்.

முக்கியத்துவம்: பிரிந்த குடும்பங்களின் உறவையும் தோட்டப்புற இளைஞரின் உயர்கல்வி வாய்ப்பையும் பேண இத்திட்டங்கள் துணைபுரிகின்றன.