புவேர்ட்டோ ரிக்கோ - உள்நாட்டுக்குள்ள ஒரு வெளிநாடு

ஹெச்-1பி-ல இருக்குற நம்ம மக்களுக்கு இந்தக் கஷ்டம் நல்லாத் தெரியும். கரீபியன் கடல், நீலத் தண்ணி, தென்னை மரம்னு போட்டோ பார்த்து ஆசைப்பட்டு டிக்கெட் தேட ஆரம்பிச்சா, பாஸ்போர்ட்ல குத்தின விசா போன வருஷமே காலாவதி ஆகியிருக்கும். நாட்டை விட்டு வெளிய போனா திரும்பி வர ஸ்டாம்பிங்குக்கு அலையணும். "அப்போ இந்த வருஷமும் நயாகராதானா?"ன்னு தங்கமணி முறைக்க, ஆபீஸ்ல பக்கத்து சீட் நண்பர்தான் வழி சொன்னார். "புவேர்ட்டோ ரிக்கோ போங்க பாஸ். தீவுக்குத் தீவும் ஆச்சு, அமெரிக்காவுக்கு அமெரிக்காவும் ஆச்சு."

மே மாசக் கடைசியில மூணு நாள் லீவு வந்துச்சு. ஆணி புடுங்குறதை அப்படியே போட்டுட்டு நியூவார்க்ல விமானம் ஏறினோம். சுமார் நாலு மணி நேரத்துல சான் யுவான். இமிக்ரேஷன் வரிசை கிடையாது. டாலர்தான் செல்லும். ஆனா காரை எடுத்துட்டு ரோட்டுக்கு வந்தா ஒரு சின்னக் குழப்பம். ஊருக்குத் தூரம் கிலோமீட்டர்ல போட்டிருக்கான், ஸ்பீடு லிமிட் மைல்ல போட்டிருக்கான், பெட்ரோல் லிட்டர்ல ஊத்துறான். சரி, ரெண்டு பேர் எழுதின கோடை ஒண்ணா ஒட்ட வச்சிருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த நினைப்பு தப்பில்லைன்னு ஊர் திரும்புறதுக்குள்ள புரிஞ்சுது.

எல் மோரோ: கடலைப் பார்த்த கோட்டை

முதல் நாள் பழைய சான் யுவான். கல் பாவின சந்துகள், மஞ்சளும் நீலமுமா வீடுகள். ஊர் முனையில பெரிய புல்வெளி, பசங்க பட்டம் விட்டுக்கிட்டு இருக்காங்க. அதைத் தாண்டினா எல் மோரோ கோட்டை. ஆறு அடுக்கு, கடல் மட்டத்துல இருந்து சுமார் 145 அடி உயரம், சுவர் சில இடங்கள்ல 18 அடி கனம். 1539-ல ஸ்பானியர்கள் கட்ட ஆரம்பிச்சு, இடிச்சு, சேர்த்து, ஒட்டுப்போட்டு, முடிக்க 250 வருஷம் ஆச்சு. நம்ம ப்ராஜெக்ட் டெட்லைன் எல்லாம் எம்மாத்திரம் :-)

இந்தக் குட்டித் தீவுக்கு (100 மைல் நீளம், 35 மைல் அகலம்) எதுக்கு இவ்வளவு பெரிய கோட்டை? ஐரோப்பாவுல இருந்து காற்றோட போக்குல வர்ற பாய்மரக் கப்பலுக்கு கரீபியனோட வாசல் இதுதான். குடிக்கத் தண்ணியும் நல்ல துறைமுகமும் உள்ள முதல் பெரிய தீவு. வாசலைப் பூட்டி வச்சாதான் உள்ள இருக்குற மெக்சிகோ, பெரு வெள்ளியெல்லாம் பத்திரம்.

பூட்டை உடைக்க வராத ஆள் இல்லை. 1595-ல பிரான்சிஸ் டிரேக் வந்தார். பழுதான ஒரு ஸ்பானியக் கப்பலோட வெள்ளியை இங்க இறக்கி வச்சிருக்கிறது தெரிஞ்சு வந்தவர். கரையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு நேரா அவரோட கேபினுக்குள்ள பாய்ஞ்சு, கூட உட்கார்ந்திருந்தவங்களைச் சாய்ச்சுது. டிரேக் தப்பிச்சார், வெறுங்கையோட திரும்பினார். 1598-ல கம்பர்லாண்டு பிரபு புத்திசாலித்தனமா கிழக்குப் பக்கம் இறங்கி, தரை வழியா வந்து கோட்டையையே பிடிச்சுட்டார். ஆனா வயிற்றுக்கடுப்பு நோய் அவரோட படையை வாரிக்கிட்டுப் போக, சில வாரங்கள்ல அவரே மூட்டை கட்டினார். 1625-ல டச்சுக்காரங்க வந்து ஊரைக் கொளுத்தினாங்க, கோட்டை மட்டும் விழலை. தரைப் பக்கம்தான் ஓட்டைன்னு புரிஞ்சு ஸ்பெயின் ஊரைச் சுத்தி மதிலும், கிழக்கே 27 ஏக்கர்ல சான் கிறிஸ்டோபல்னு இன்னொரு ராட்சசக் கோட்டையும் கட்டுச்சு. 1797-ல பிரிட்டிஷ் படை ஆயிரக்கணக்குல வந்து, ரெண்டு வாரம் முட்டி மோதிட்டுத் திரும்பிப் போச்சு.

அப்போ அமெரிக்கா எப்படிப் பிடிச்சுது? இதுதான் எனக்குத் தூக்கம் வராமப் பண்ணின கேள்வி.

எட்டு நாள் சுயாட்சி

பதில் தேடினா மனசு கனத்துப் போச்சு. பல வருஷம் போராடி, 1897 நவம்பர்ல ஸ்பெயின்கிட்ட இருந்து சுயாட்சி சாசனம் வாங்கினாங்க இந்த ஊர்க்காரங்க. தேர்தல் நடந்து, அவங்களோட நாடாளுமன்றம் 1898 ஜூலை 17 அன்னைக்கு முதல் தடவையா கூடுச்சு. ஜூலை 25 அன்னைக்கு அமெரிக்கப் படை வந்து இறங்கிடுச்சு. நடுவுல எட்டே நாள்.

இறங்கின இடம் சான் யுவான் இல்லை. மே மாசம் ஒரு தடவை கோட்டைமேல குண்டு போட்டுப் பார்த்தாங்க, அவ்வளவுதான். அப்புறம் ஜெனரல் மைல்ஸ் தெற்குக் கரையில குவானிக்கான்னு ஒரு ஊர்ல, பெரிய எதிர்ப்பே இல்லாம இறங்கினார். 250 வருஷமாக் கட்டின கோட்டை வடக்கே கடலைப் பார்த்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஆகஸ்ட்ல போர் நிறுத்தம். டிசம்பர் 10-ல பாரிஸ்ல ஒப்பந்தம். தீவு கை மாறிடுச்சு. அந்த மேஜையில தீவுக்காரர் ஒருத்தர்கூட கிடையாது. இங்க வாழற மக்களோட உரிமை என்ன, அந்தஸ்து என்னங்கிறதை அமெரிக்கக் காங்கிரஸ் முடிவு பண்ணும்னு அந்த ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு. அந்த ஒரு வரிதான் இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு.

அடுத்து வந்தது ஆரஞ்சுப் பழ வழக்கு. புவேர்ட்டோ ரிக்கோவுல இருந்து நியூயார்க்குக்கு ஆரஞ்சு கொண்டுவந்த டவுன்ஸ்ங்கிற கம்பெனிகிட்ட சுங்கவரி 659 டாலர் 35 சென்ட் வாங்கிட்டாங்க. "ஒரே நாட்டுக்குள்ள ஏதய்யா சுங்கம்?"னு கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. 1901-ல உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னுச்சு: வரி செல்லும். தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனா அமெரிக்காவோட பகுதி இல்லை. உலகத்துக்கு அது உள்நாடு, உள்நாட்டுக்கு அது வெளிநாடு!

1917-ல எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்தாங்க. ஆனா தீவுல இருக்குற வரைக்கும் ஜனாதிபதித் தேர்தல்ல ஓட்டு கிடையாது. காங்கிரசுக்கு ஒரு பிரதிநிதி போறார், பேசலாம், கமிட்டியில உட்காரலாம், சட்டம் நிறைவேறுற ஓட்டெடுப்புல கை தூக்க முடியாது. நம்ம பாஷையில சொன்னா, ரீட் ஆக்சஸ் உண்டு, கமிட் ஆக்சஸ் கிடையாது. பதிலுக்கு, தீவுல சம்பாதிக்கிற பணத்துக்குப் பெரும்பாலும் மத்திய வருமான வரியும் கிடையாது.

கோட்டை உச்சியில மூணு கொடி பறக்குது. ஒண்ணு அமெரிக்கக் கொடி, ஒண்ணு பழைய ஸ்பானியப் படையோட சிவப்புப் பெருக்கல் குறி போட்ட கொடி, ஒண்ணு தீவோட ஒற்றை நட்சத்திரக் கொடி. 1948-ல வந்த ஒரு சட்டப்படி அந்த மூணாவது கொடியை வீட்டுல வச்சிருக்கிறதே குற்றம். 1952-ல அதே கொடி அதிகாரபூர்வக் கொடியாச்சு. அந்த வருஷம் தீவோட புது அரசியல் சட்டம் அமலுக்கு வந்த தேதி ஜூலை 25. குவானிக்காவுல படை இறங்கின அதே தேதி.

காட்டுல ஒரு தவளை

ரெண்டாவது நாள் எல் யுன்கே மழைக்காடு. அமெரிக்க தேசிய வனங்கள்லயே ஒரே வெப்பமண்டல மழைக்காடு இதுதான், சுமார் 28,000 ஏக்கர். குத்தாலம் போனவங்களுக்குச் சாரல் புதுசு இல்லை, ஆனா இங்க உச்சியில வருஷத்துக்கு 200 அங்குலத்துக்கு மேல மழை. ஆள் உயரத்துக்கு மேல நிக்குற பெரணி மரங்கள். சாயங்காலம் ஆனதும் "கோ-கீ, கோ-கீ"ன்னு காடே கூப்பிடுது. சத்தத்தைக் கேட்டு நான் ஏதோ பறவைன்னு நினைச்சேன். கட்டைவிரல் அளவு தவளை! கோக்கின்னே பேரு. இது தலைப்பிரட்டையா நீந்துறதே இல்லை, முட்டையில இருந்து நேரா குட்டித் தவளையா வெளிய வருது.

இந்தக் காட்டையும் காகிதம் விடலை. 1876-ல ஸ்பானிய ராஜா பாதுகாக்கப்பட்ட வனம்னு அறிவிச்சார். 1898 ஒப்பந்தத்துல ராஜாவோட நிலமெல்லாம் அப்படியே கை மாறி, 1903-ல தியோடர் ரூஸ்வெல்ட் திரும்ப ஒரு தடவை அறிவிச்சார். ரெண்டு பேருக்கும் முன்னாடி இது டைனோ பழங்குடிகளோட புனித மலை. நோயும் அடிமை வேலையுமா அவங்க சமூகம் சில தலைமுறைக்குள்ள சிதைஞ்சு போச்சு. வார்த்தைகள் மட்டும் உலகம் சுத்துது. ஹரிக்கேன் அவங்க சொல். நாம வாய் நிறையச் சொல்ற கொய்யாவும் பப்பாளியும்கூட, இந்தக் கடல் பக்கத்துப் பழங்குடி மொழிகள்ல இருந்து ஐரோப்பியர் வாய் வழியா நம்மகிட்ட வந்து சேர்ந்ததுதான்.

ஹரிக்கேன்னு சொன்னதும், நாங்க தங்கின வீட்டுத் தாத்தா ஞாபகம் வர்றார். 2017 செப்டம்பர் 20, மரியா புயல். மறுநாள் எழுந்து பார்த்தா பச்சை மலை மொத்தமும் பழுப்பு நிறமாம், ஒரு இலை மிச்சம் இல்லையாம். பல மாசம் கரண்ட் இல்லாம இருந்திருக்கார். இறந்தவங்க 64 பேர்னு முதல்ல சொன்ன அரசாங்கம், மறு வருஷம் அதை 2,975-னு மாத்துச்சு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நடுவுல அமெரிக்கக் கப்பல்தான் சரக்கு ஏத்தணும்னு 1920-ல இருந்து ஒரு சட்டம். புயலுக்காக அதைத் தளர்த்தினது வெறும் பத்து நாள்.

தாத்தா வியட்நாம் போருக்குப் போனவர். அப்புறம் ரொம்ப வருஷம் ஆர்லாண்டோவுல வேலை, வயசானதும் ஊர் திரும்பிட்டார். ராத்திரி காபி குடிச்சுக்கிட்டே சொன்னார்: "அங்க இருந்தப்போ ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்டேன். இங்க வந்ததும் போச்சு. அதே ஆள், அதே பாஸ்போர்ட்." என்னைப் பார்த்து, "உனக்கு ஓட்டு இருக்கா?"ன்னு கேட்டார். "அமெரிக்காவுல இல்லை, இந்தியாவுல இருக்கு. நேர்ல போனாதான் போட முடியும்"னேன். "அப்போ நீ பரவாயில்லை. உன்கிட்ட வேற ஒரு வீடு இருக்கு"ன்னு சிரிச்சார். நான் சிரிக்கலை.

மாநிலமா ஆகலாமா, தனி நாடா போகலாமா, இப்படியே இருக்கலாமான்னு 1967-ல இருந்து 2024 வரைக்கும் ஏழு தடவை மக்கள்கிட்ட ஓட்டெடுப்பு நடந்திருக்கு. எந்த முடிவும் காங்கிரசைக் கட்டுப்படுத்தாது. "ஒண்ணுமே நடக்காதா தாத்தா?"ன்னு கேட்டேன். கிழக்குப் பக்கம் கை காட்டினார். அங்க வியேகெஸ்னு ஒரு குட்டித் தீவு. 1941-ல இருந்து அமெரிக்கக் கடற்படை அதோட பெரும்பகுதியை எடுத்துக்கிட்டு குண்டு போட்டுப் பழகுச்சு. 1999-ல குறி தவறின குண்டு உள்ளூர்க் காவலாளி ஒருத்தரைக் கொன்னுடுச்சு. மக்கள் குண்டு விழற இடத்துலயே போய்க் குடிசை போட்டு உட்கார்ந்தாங்க. 2003 மே 1, கடற்படை வெளியேறிடுச்சு. கோட்டையும் இல்லை, பீரங்கியும் இல்லை, வெறுமனே உட்கார்ந்தே ஜெயிச்சாங்க.

மாம்பழம்

கிளம்புற அன்னைக்குத் தாத்தா தன் தோட்டத்து மாம்பழம் நாலு கொடுத்தார். தங்கமணி அதைச் சேலை மாதிரி பத்திரமா மடிச்சு வச்சாங்க. விமான நிலையத்துல பெட்டியைப் போடுறதுக்கு முன்னாடி தனியா ஒரு சோதனை. மாம்பழம் மெயின்லேண்டுக்குக் கொண்டு போகக் கூடாதாம். பூச்சி பரவும்னு காரணம் சொன்னாங்க, நியாயமான காரணம்தான். இருந்தாலும் எனக்கு அந்த 659 டாலர் 35 சென்ட் ஆரஞ்சுதான் ஞாபகம் வந்துச்சு. என் காலாவதியான விசாவுக்கு இது உள்நாடு. தாத்தாவோட மாம்பழத்துக்கு வெளிநாடு.

வரிசையை விட்டு வெளிய வந்து, ஒரு பெஞ்சுல உட்கார்ந்து, நாலு பழத்தையும் அங்கயே தின்னு தீர்த்தோம். கை எல்லாம் பிசுபிசுன்னு. நல்ல பழம்.

டிஸ்கி: விசா வேணாம்னாலும் பாஸ்போர்ட், ஐ-797 எல்லாம் கைப்பையில வச்சுக்குங்க மக்கா. எல் மோரோ புல்வெளிக்குச் சாயங்காலம் போங்க, பட்டம் விடலாம். மாம்பழத்தை அங்கயே சாப்பிட்டுடுங்க :-)