நெற்றியில் எழுதிய எழுத்து

தலையெழுத்து என்று நம்மவர் சொல்லுவது கண்ணுக்குத் தெரியாத எழுத்து. பிரமன் எழுதினான் என்பார்கள், படித்தவர் ஒருவருமில்லை. ஆனால் மனிதனுடைய நெற்றியில் மனிதனே, ஊரார் எல்லாரும் படிக்கும்படி எழுதிய எழுத்து ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1797-ஆம் வருஷத்தில் வங்காளத்தில் ஒரு சட்டம் செய்தனர். ஆயுள் தண்டனை பெற்ற கைதியின் நெற்றியில் அவன் பெயரும், குற்றமும், தீர்ப்புத் தேதியும் பச்சை குத்தப்பட வேண்டுமென்பது அதன் சாரம். சில வருஷங்களில் சென்னை ராஜதானியிலும் இவ்வழக்கம் புகுந்தது. 1849-இல் இது சட்டத்தால் நிறுத்தப்பட்டது. சட்டம் நின்றது, முன்னமே குத்திய பச்சை தோலை விட்டுப் போய்விடுமா? அவ்விதம் குத்தப்பட்டவன் தலைப்பாகையைப் புருவம் வரையில் இறக்கிக் கட்டிக்கொண்டு எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டியவனானான்.

இத்தகைய கைதிகளைக் கம்பெனியார் கடல் கடத்தினர். 1787 முதல் சுமத்திராத் தீவிலுள்ள பெங்கூலனுக்கு அவர்கள் அனுப்பப்பட்டு வந்தார்கள். அங்கே 1818-இல் அதிகாரியாக வந்து சேர்ந்தவர் ஸர் ஸ்டாம்போர்ட் ராபிள்ஸ். அவர் கைதிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். கடைசி வகுப்பார் கொடியவர்கள். கடின வேலை செய்து இரவில் அடைபட்டுக் கிடப்பவர்கள். நடு வகுப்பார் சாதாரண வேலைக்காரர். முதல் வகுப்பினருக்கோ, தமக்கும் தம் மக்களுக்கும் அளிக்கப்படும் நிலத்தில் குடியேறும் உரிமையும், நியாயஸ்தலத்தில் சாட்சி சொல்லும் உரிமையும் உண்டு. மூன்று வருஷமேனும் அவ்வூரில் வசித்தவனே அவ்வகுப்பில் சேரலாம்.

சாட்சி சொல்லும் உரிமை என்பதை வாசகர்கள் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். நிலம் கொடுத்தது பெரிதன்று; நிலம் உழுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. ஆனால் திருடனென்று தீர்ப்புப் பெற்றவன் கூண்டில் ஏறிச் சொல்லும் வார்த்தையை நீதிபதி காதுகொடுத்துக் கேட்பது என்றால், அவன் பழைய குற்றம் அவன் வாய்மொழிக்கு இனித் தடையாகாது என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதாகும். இருநூறு வருஷங்களுக்கு முன் இது நடந்தது.

1824-இல் செய்த உடன்படிக்கையினால் பெங்கூலன் டச்சுக்காரர் வசமாயிற்று. 1825 ஏப்ரல் 18-இல் சென்னை ராஜதானிக் கைதிகள் 80 பேர் சிங்கப்பூரில் வந்திறங்கினர். ஒரு வாரத்தில் வங்காளக் கைதிகள் 122 பேர் வந்தனர். அதன்பின் ஏறக்குறைய ஐம்பது வருஷம் சதுப்பைத் தூர்த்ததும், சாலை போட்டதும், பாலம் கட்டியதும் பெரும்பாலும் இவர்கள் கைகளே. இவர்களில் நல்லவர்களாகக் கண்டவர்களையே மற்றவர்களுக்குக் காவலராகவும் வைத்தனர். இன்று சிங்கப்பூரில் அதிபர் மாளிகையாக விளங்கும் கட்டிடமும் இவர்கள் எழுப்பியதே. 1861-இல் திறக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் கோவிலும் அவ்வாறே. அக்கோவிலின் உட்சுவர்ச் சாந்து, கிளிஞ்சற் சுண்ணாம்பும், முட்டையின் வெள்ளைக் கருவும், சர்க்கரையும், தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்து அரைத்தது. அது நம் சென்னைச் சுண்ணாம்பு வேலை.

இவர்களை மேற்பார்த்த மக்நேர் என்பவர் 1899-இல் இவர்கள் சரித்திரத்தை நூலாக வெளியிட்டார். தம் நிர்வாகத்தைத் தாமே மெச்சிக்கொள்ளும் தோரணை அதில் நிரம்ப உண்டு. அதைக் கழித்துவிட்டே படிக்க வேண்டும். கழித்தாலும் ஒரு விஷயம் நிற்கின்றது. விடுதலை பெற்றவர்கள் வண்டிக்காரராகவும், மாடு வைத்துப் பால் விற்பவராகவும், சாலைக் கண்டிராக்டராகவும் ஊரோடு ஊராகக் கலந்துவிட்டனர். 1857-இல் வட இந்தியாவில் கலகம் எழுந்தபோது சிங்கப்பூர் ஐரோப்பியர் இக்கைதிகளைக் கண்டு நடுங்கினரே யொழிய, கைதிகள் கலகம் செய்தாரில்லை. 1873-இல் இக்குடியிருப்பு கலைக்கப்பட்டு, எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர்.

வெள்ளையரின் அச்சத்தைச் சொல்லிவிட்டு நம்மவரின் குணத்தைச் சொல்லாதிருப்பது நேர்மையாகாது. வியாபாரத்திற்கு வந்தவர் சந்ததி என்று மார்தட்டுவோர் பலர். கைதியாய் வந்தவர் சந்ததி என்று சொல்ல நா எழுவதில்லை. பாட்டன் செய்த பிழை பேரன் கல்யாணப் பேச்சில் வந்து உட்காருகின்றது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்துப் பழகிய புத்தி வேறெவ்விதம் நினைக்கும்? அப்புத்தியையே சர்க்கார் சட்டமாக்கியும் காட்டினர். 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு குற்றமும் ருசுவாகாத குழந்தையையும் குலத்தினாலேயே குற்றவாளி வரிசையில் வைத்தது. சென்னை மாகாணத்திற்கு அது 1911-இல் வந்தது; 1947-இல் அங்கு ஒழிந்தது; இந்தியா முழுவதும் 1952-இல் ஒழிந்தது.

நம் தோட்டங்களின் கதையும் உண்டு. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்படும் வரையில், தோட்டத்தை விட்டு ஓடிய கூலி சிறைக்கனுப்பப்படலாம். அடி பொறுக்காமல் ஓடியவனும் சட்டத்தின் கண்ணுக்குத் தண்டனை பெற்றவனே. ஆகையால் பழைய தண்டனை ஒன்றைப் பார்க்கும்போது, குற்றத்தை மட்டுமன்று, அதைக் குற்றமென்று வகுத்தவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்போம்.

குறிப்பிட்ட வருஷங்கள் ஒழுங்காய் வாழ்ந்தவனுடைய பழைய தண்டனை கணக்கில் வராது என்று பிரிட்டன் 1974-இல் சட்டம் செய்தது. சிங்கப்பூரில் 2005-இல் அவ்வகைச் சட்டம் வந்தது. மூன்று மாதத்திற்கு மேற்படாத சிறை, அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவன், ஐந்து வருஷம் குற்றமின்றி வாழ்ந்தால், தன்மேல் பதிவில்லை என்று சொல்லலாம். கொடிய குற்றங்கள் சில இதில் சேரா. ஒரு முறைக்கு மேல் தண்டனை பெற்றவனுக்கும் இது தானாகக் கிட்டாது. கொடிய குற்றத்தை விலக்கியது சரியே. குழந்தைகளிடம் தகாதது செய்தவனைப் பள்ளிக்கூடக் காவலுக்கு வைக்க எவரும் ஒப்பார். ஆனால் இருபது வயதில் இரு முறை தவறியவன் அறுபது வயதிலும் அதே மனிதன் என்பதை நாம் ஒப்போம். செய்த குற்றத்திற்கும் கேட்கும் வேலைக்கும் சம்பந்தமிருக்கின்றதா என்பதே கேள்வியாக வேண்டும்.

நாம் கிராணி வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பால்மரம் வெட்டிக் கண் மங்கிய முதியவர் ஒருவர் காவல் வேலைக்கு வந்தார். விண்ணப்பத்தில் அக்கேள்வி இருந்தது. நாம் படித்துச் சொன்னோம். இளமையில் கள்ளுக்கடைச் சண்டையில் ஒரு மாதம் சிறையிலிருந்ததாக அவரே சொன்னார். "எழுதத்தான் வேணுமா ஐயா?" என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றோம், எழுதினோம். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவர் புல் வெட்டும் கும்பலில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். ஒவ்வொரு காலையிலும் நாமே அவர் பெயரைக் கூப்பிட்டுப் பதிந்து வந்தோம்.